மிளகுப் பாயில் ஒரு மதர்போர்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, ‘இவள் சொந்தக் கதையைத்தான் பெயர் மாற்றி எழுதுகிறாள்’ என்று சொல்ல வேண்டாம். பெயரைக்கூட மாற்றவில்லை. நான் ரஹீனா. இதில் வரும் பரீத் ராவுத்தர் என் அத்தா. அத்தா என்றால் அப்பா; எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒரு சண்டையிலிருந்து வந்த கதையாக இருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். சண்டை எதுவும் நடக்கவில்லை. 2004 ஜூன் முதல் நவம்பர் வரை, எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியில் தனியாக இருந்த அத்தாவும் சென்னையில் தனியாக இருந்த நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் போனில் பேசிக்கொண்டோம். வேறு எதையும் பேசவில்லை. நான் ஊருக்கு வருவேனா மாட்டேனா என்பதுதான் அந்த ஆறு மாதமும் எங்கள் நடுவில் கிடந்த ஒரே விஷயம். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

(இதைக் கதையின் பின்பாதியில் மெல்ல வெளியே விட வேண்டும் என்று எழுதிப் பழகியவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என்ன கோளாறு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்க வேண்டும்.)*

* நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். வீட்டில் பேசியது தமிழ். தமிழ் எழுத்தை இருபத்து மூன்று வயதில், சென்னையில், பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆகவே என் நடையில் எங்காவது பஸ் நின்று நின்று போவதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: ‘மட்டாஞ்சேரி பஜாரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழைய சரக்குக் கிட்டங்கிகளின் ஓட்டுக் கூரைகளிலிருந்து—’

விட்டுவிட்டேன். மழை உண்மைதான். ஆனால் மழையை உள்ளே விட்டால் பின்னாலேயே சுக்கு வாசனை வரும், படகுத்துறை வரும், கழுத்தில் கேமரா தொங்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அத்தாவுக்கு உட்கார இடம் இருக்காது.

இரண்டாவது: ‘1998-இல் பரீத் ராவுத்தர் என்ற மிளகுத் தரகர் தன் ஒரே மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பென்டியம், முப்பத்திரண்டு எம்.பி. ரேம், நான்கு ஜி.பி. ஹார்டு டிஸ்க், பதினாலு அங்குல மானிட்டர்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. பேப்பரோடு வரும் கடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது: ‘என் அத்தா என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்: இது ஒச்சை வெக்குது.’

சத்தம் போடுகிறது என்று அர்த்தம். இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதை எழுதினால் அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அவர் எப்படிப் பேசினார் என்று சொல்லியாக வேண்டும்.

3

அத்தாவின் தொழிலில் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரோடு ஒருவர் விலை பேசுவதில்லை. நடுவில் தரகர் நிற்பார். தோள் துண்டை விரித்துக் கையை மூடி, அதற்கடியில் விரல் பிடித்து இவருடைய விலையை அவருக்கும் அவருடைய விலையை இவருக்கும் கொண்டுபோவார். எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். முக்கியமான விஷயம் மட்டும் நேராகப் போகாது. அதுதான் மரியாதை.

வீட்டில் அந்தத் தரகு வேலையை என் அம்மா லதீஃபா பார்த்தாள்.

ஒரே மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அத்தா தட்டைப் பார்த்தபடி சொல்வார்: “லதீஃபா, அவளுக்கு நாளைக்குக் காலேஜ் உண்டான்னு கேளு.”

அம்மா என்னைப் பார்ப்பாள். “உண்டாம்மா?”

“உண்டு.”

“உண்டாம்,” என்பாள் அத்தாவிடம், அவர் செவிடர் மாதிரி.

இதை எங்களில் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அவருக்கு என் மேல் கோபமும் கிடையாது. முக்கியமானவர்களிடம் நடுவில் ஆள் வைத்துப் பேச வேண்டும் என்பது அவருக்குக் கையோடு வந்த பழக்கம். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்தோம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல், காயலைத் தாண்டும்வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துவிட்டு அம்மாவிடம் ஏதோ முனகினார். அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்த என்னிடம் வந்து, “உனக்குத்தான்னு சொல்றாரு,” என்றாள்.

2001-இல் நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். 2002-இல் அம்மா இறந்தாள். நாற்பது நாள் வீட்டில் இருந்தேன். அந்த நாற்பது நாளில் நானும் அத்தாவும் என்ன பேசினோம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உப்பு வேண்டுமா என்று அவர் பாத்திரத்தைப் பார்த்துக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் நாள் ரயிலேறினேன். அதன்பிறகு போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு ஷிப்டு, லீவு என்று நிறைய எழுதி அடித்தேன். நேராகவே சொல்கிறேன். அந்த வீட்டில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

4

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கால் சென்டர். அமெரிக்காவில் யாருக்காவது கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் எனக்கு மணி அடிக்கும். அங்கே என் பெயர் ரேச்சல். மூன்று வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் கையால் தொடாமல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சரிசெய்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது இடதுபுறம் நான்கு திருகு தெரியும், அதில் கீழே இருப்பது இறுக்கமாக இருக்கும் என்று சொல்லுவேன். இறுக்கமாகத்தான் இருக்கும்.

2004 ஜூனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தா கூப்பிட்டார். அம்மா போன பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹலோவும் இல்லை, சுகமா என்பதும் இல்லை.

“இது ஒச்சை வெக்குது,” என்றார்.

“எது?”

“உன்னோட கம்ப்யூட்டர். நீட்டமா கூவுது. நிக்குது. பின்னேயும் கூவுது. திரையில ஒண்ணும் இல்ல.”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ரேச்சலுக்குத் தெரிந்திருந்தது.

“அது ரேம் பிரச்சினை அத்தா. மொதல்ல பிளக்கை ஊருங்க, வெளிய எடுத்துடுங்க.”

“ஊரியாச்சு.”

“கேபினெட்டோட எடது பக்க மூடியைக் கழட்டுங்க.”

திருகு மேசையில் விழும் சத்தம். அத்தாவின் மூச்சு. இரண்டு முறை தும்மினார். கீழ்த்தளத்துக் கிட்டங்கியில் சுக்கு மூட்டைகள். அந்தத் தூசி எங்கள் வீட்டில் எங்கே இல்லை?

“உள்ள ஒரு நீட்டமான பச்சைப் பட்டை, செங்குத்தா நிக்கும். ரெண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி.”

“கண்டேன்.”

“கொக்கியை வெளிய தள்ளி, பட்டையை எடுங்க. அடியில தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்கும். அதைப் பென்சில் ரப்பரால மெதுவாத் தேய்ங்க.”

“ரப்பரா?”

“ஆமா.”

“இத்தர வெலை கொடுத்து வாங்கினதை ரப்பரால தேய்க்கவா?”

“தேய்ங்க அத்தா.”

தேய்த்தார். மாட்டினார். ஓடியது. “தெளிஞ்சுது,” என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கும் இருந்தது. நாற்பது நிமிஷம் பேசியிருந்தோம். அதற்கு முன்னால் வாழ்நாள் முழுக்கப் பேசியதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

“ரேமைக் கொஞ்சம் கூட்டினா இன்னும் வேகமா ஓடும்,” என்றேன். இதை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் அதில் சொலிட்டேரும் கணக்கும் தவிர ஒன்றும் செய்வதில்லை. அவருக்கு எதற்கு வேகம்?

“கூட்டலாம்,” என்றார் உடனே.

5

இந்தப் பகுதி வேகமாகப் போக வேண்டும். ஒரு கம்ப்யூட்டரை மேம்படுத்துவதைப் பற்றி எழுதுகிறவர்களைப் பீடிக்கும் வியாதி, ஒவ்வொரு கம்பியையும் விவரிப்பது. நான் சுருக்கிவிடுகிறேன்.

எர்ணாகுளத்தில் எங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரை விற்ற ரதீஷின் கடையிலிருந்து அத்தா நூற்றிருபத்தெட்டு எம்.பி. ரேம் வாங்கிவந்து மாட்டினார். பழைய போர்டு அதில் பாதியைத்தான் கண்டுகொண்டது. அதற்கு ஒரு ஞாயிறு. நாற்பது ஜி.பி. ஹார்டு டிஸ்க் மாட்டினார். அவ்வளவு பெரியதைப் பார்த்ததும் மெஷின் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிட்டது. பின்பக்கத்தில் ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றிப் போட்டு, இது சின்னதுதான் என்று அதை நம்பவைத்தோம். அதற்கு இரண்டு ஞாயிறு. தேதி ஒவ்வொரு தடவையும் 1998-க்கே போய் நின்றது. காசு அளவுள்ள பேட்டரியை மாற்றச் சொன்னேன். அதற்கு அரை ஞாயிறுகூட ஆகவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஜூலை நடுவில், பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு, மெஷின் ஒரேயடியாகச் செத்தது. கூவல்கூட இல்லை. ஒரு மணிநேரம் என்னென்னமோ பார்த்துவிட்டு, ரதீஷைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அத்தா கூப்பிட்டார்.

“ஓடுது.”

“ரதீஷ் வந்தாரா?”

“இல்ல. வெயில்ல வெச்சேன்.”

“எதை?”

“அந்தப் பெரிய பச்சைப் பலகையை. எல்லா வயரும் ஊரிட்டு, மாடியில மிளகு உணக்கற பாயை விரிச்சு, அதுல வெச்சேன். மணிக்கொருக்கா மறிச்சுப் போட்டேன்.”

மதர்போர்டை. மிளகுப் பாயில். என் ஆபீஸில் இருந்த தடித்த கையேட்டில் மூன்று வருஷமாக நான் புரட்டாத பக்கம் இல்லை. அதில் இது இல்லை.

“அத்தா, வெயில்ல வெச்சா அது கேடாயிடும்.”

“ஈரம் இருந்தாத்தான் கேடாகும். எந்தச் சரக்கும் அப்படித்தான்.”

“காஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“கையில எடுத்தா அறிய மாட்டேனா? காக்கா கொத்தாம இருக்கப் பக்கத்துலயே இருந்தேன்.”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். அத்தா சிரிப்பதைக் காதில் வாங்கியது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குத்தான் அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். இதை யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேண்டிய ஆள் இல்லை.

அன்று நான், ‘அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லியிருந்தால்—

(இந்த வாக்கியம் முடியாது. இப்படியே கிடக்கட்டும்.)

6

இந்த இடத்தில் கதைக்கு ஒரு அழகான திருப்பம் கைவசம் இருக்கிறது. நீங்களே யூகித்திருப்பீர்கள். அத்தா தானாகவே ரேமைக் கழற்றிவிட்டு, என்னோடு பேசுவதற்காகப் பொய்க் கோளாறு சொல்கிறார். மகள் வருஷங்கள் கழித்து அதைக் கண்டுபிடித்து அழுகிறாள். இப்படி ஒரு வடிவம் எழுதியும் பார்த்தேன். தோழி ஒருத்தி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் அப்போதே வந்ததுதான். ஆகஸ்டில் ரதீஷுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“ஏய், அங்ஙனெ ஒண்ணும் இல்ல ரஹீனா,” என்றார் ரதீஷ். அவர் பேசும் தமிழ் பாதி மலையாளம். “உப்புக் காத்தில்லே அவிட. எல்லா வீட்டுலயும் இதே கம்ப்ளெயின்ட். பின்னே ஆறு வயசாயில்லே மெஷினுக்கு. புதுசு வாங்கச் சொன்னேன். அத்தா சம்மதிக்கல.”

“ஏன்?”

“அறியில்ல. கம்ப்யூட்டருக்கு முன்னால ரெண்டு கசேர போட்டிருக்காரு. ஒண்ணுல என்னை இருக்கவும் விடல.”

இரண்டு நாற்காலி. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனால் எனக்கு எதையும் இரண்டு தடவை சோதிக்கும் புத்தி. அடுத்த ஞாயிறு அத்தாவிடமே, “ரெண்டாவது கசேர எதுக்கு?” என்று கேட்டேன்.

“திருகு வெக்க,” என்றார். “கீழ வெச்சா உருண்டுபோகுது.”

ஆக, அத்தா பொய் சொல்லவில்லை. நல்ல சரக்கில் கல் கலக்கிற ஆள் இல்லை அவர். கோளாறுகள் எல்லாம் நிஜம். நாற்காலியில் திருகுதான் இருந்தது. தோழியின் கண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடியாததற்கு வருந்துகிறேன்.

பொய் சொன்னவள் நான். போனிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியும் என்று அவரை நம்பவைத்தேன். அது ரேச்சலின் திறமை. எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தேனோ அவ்வளவுக்கு நான் போக வேண்டியதில்லாமல் ஆயிற்று.

7

அக்டோபர் கடைசியில், நோன்பு மாதத்தில், அத்தா கூப்பிட்டார்.

“மோளே, அந்தப் பலகையில குட்டிக் குட்டி டப்பா மாதிரி நிக்குதில்லே. அதுல நாலெண்ணம் வயிறு வீங்கியிருக்கு.”

கெப்பாசிட்டர்கள். அவை வீங்கிவிட்டால் போர்டு போயிற்று. பாயில் வைத்தாலும் பிழைக்காது. அவரிடம் அதைச் சொன்னேன்.

“அப்போ தீர்ந்துதா?”

“இல்ல. இதே மாடல் பழைய போர்டு இங்க ஒரு கடையில கிடைக்கும்.”

பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. போர்டு வரும் பெட்டி பதினைந்து அங்குலம்தான். பையில் வைத்து ரயிலில் நானே கொண்டுபோகலாம். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவளின் யூகம் இல்லை, நிஜமாகவே தெரியும்.

“கடைக்காரரே நேரா கொரியர்ல அனுப்பிடுவாரு,” என்றேன்.

“ஆ,” என்றார் அத்தா. “கொரியர்னா சீக்கிரம் வரும்.”

வந்தது. பெருநாளுக்கு முந்தின ஞாயிறு, நோன்போடு உட்கார்ந்து, இரண்டரை மணிநேரம் நான் சொல்லச் சொல்ல ஒரு கம்ப்யூட்டரை முழுக்கப் பிரித்து முழுக்கச் சேர்த்தார். அறுபத்தைந்து வயது. மூக்குக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும். எந்த வயர் எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார். கண்ணைவிட அவருக்கு விரலில்தான் நம்பிக்கை. கடைசியில் பட்டனை அழுத்தினார். ஒரே ஒரு சின்ன பீப். எல்லாம் சரி என்பதற்கு உள்ள பீப்.

“ஓடுது,” என்றார்.

நான் அவரை எவ்வளவு மெச்சினேன் என்று சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போனது வெளியே வந்தது.

“வேற ஏதாவது உதவி வேணுமா?”

கேட்டது ரேச்சல். கேட்டது யாரிடம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

அத்தா மூச்சுவிடுவது கேட்டது. சொல்லலாமா என்று அவர் எதையோ கையில் எடுத்துப் பார்க்கிறார் என்று தோன்றியது.

எங்கள் வேலையில் லைனில் மௌனம் விழக் கூடாது. ஐந்து எண்ணுவதற்குள் எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மேலாளர் குறித்துக்கொள்வார். நான் நான்கு எண்ணினேன்.

“சரி அத்தா, அப்ப வெச்சிடறேன்,” என்றேன்.

“ஆயிக்கோட்டே, ஆகட்டும்,” என்றார் அவர்.

8

மெஷின் அதன்பிறகு கெடவே இல்லை.

அவ்வளவு கச்சிதமாகச் சரிசெய்துவிட்டோம். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நடுவில் வந்த பெருநாளன்று நான்தான் கூப்பிட்டேன். மெஷின் எப்படி இருக்கிறது என்றேன். நன்றாக இருக்கிறது என்றார். சாயா குடித்தாயா என்றார். குடித்தேன் என்றேன். நடுவில் பழுதாகிக் கிடக்க ஒன்றும் இல்லாததால் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் போர்டின் மேல் ஆத்திரம் வந்தது. பழைய சரக்கு என்று சொல்லி விற்ற கடைக்காரன், கை தவறியாவது ஒரு கெட்ட போர்டைக் கொடுத்திருக்கலாம்.

அப்படியே மூன்று வருஷம் போயிற்று. வருஷத்துக்கு இரண்டு பெருநாள், இரண்டு போன். போகாமலே இருப்பதும் ஒரு பழக்கம்தான். முதல் வருஷம் வலிக்கும், பிறகு நேரம் இருக்காது.

இது 2007. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கோடம்பாக்கத்தில் என் அறையில், என் சொந்தக் கம்ப்யூட்டரில் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். முடிவு பிரமாதமாக வந்திருக்கிறது. மகள் ரயிலேறிப் போகிறாள். எர்ணாகுளத்தில் இறங்கிப் படகு பிடிக்கிறாள். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டுகிறாள். அத்தா கதவைத் திறந்து, உள்ளே திரும்பி, வழக்கம்போல, இப்போது உயிரோடு இல்லாத மனைவியிடம், ‘லதீஃபா, யாரு வந்திருக்கான்னு பாரு’ என்கிறார். இரண்டு பக்கம். படித்து நானே மூக்கை உறிஞ்சினேன்.

ஒரு விவரம் மட்டும் சந்தேகம். வீங்கிய டப்பா நான்கா, ஐந்தா? கதையில் அது முக்கியம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு முக்கியம். போனை எடுத்து அத்தாவைக் கூப்பிட்டேன். பெருநாள் இல்லாத நாளில்.

“யாரு?”

“நான்தான் அத்தா.”

“எந்தா மோளே? என்ன ஆச்சு?” பதறிவிட்டார்.

ஒரு கதை எழுதுகிறேன், அதில் நீங்கள் இருக்கிறீர்கள், கெப்பாசிட்டர் எத்தனை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு என்னமோ வந்தது.

“என் கம்ப்யூட்டர் ஓடல அத்தா.”

9

(போனை எடுத்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் காகிதத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.)

“ஒச்சை வெக்குதா?” என்றார். குரல் மாறிவிட்டது. பதற்றம் போய், வேலைக்கு உட்கார்ந்த ஆளின் குரல்.

“இல்ல.”

“திரை?”

“ஒண்ணும் இல்ல.” எதிரே திரையில் என் இரண்டு பக்க முடிவு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“லைட்டு?”

“இல்ல.”

“ம். மொதல்ல பிளக்கை ஊரு.”

நான் அசையவில்லை.

“ஊரினியா?”

“ஊரிட்டேன் அத்தா.”

“ஊரல. ஊரினா சத்தம் கேட்கும். ஊரு மோளே, கரண்டு ஓடறதுல கை வெக்கக் கூடாது.”

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. போனை எடுத்த இடம்வரை சேமித்திருந்தேன். அந்த முடிவைச் சேமித்திருக்கவில்லை. அது ரேமில் மட்டும் இருந்தது, போயிற்று.

“இனி எடது பக்க மூடியைக் கழட்டு. நாலு திருகு. கீழ இருக்கறது கொஞ்சம் இறுக்கமா இருக்கும்.”

“ஸ்க்ரூ டிரைவர் இல்ல.”

“கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, ஸ்க்ரூ டிரைவர் இல்ல,” என்றார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “கத்தி எடு.”

கத்தி முனையால் திறந்தேன். ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே நான் கைவிட்டது அதுதான் முதல் தடவை. கொக்கியைத் தள்ளு என்றார், தள்ளினேன். பட்டையை எடு என்றார், எடுத்தேன். ரப்பர் இல்லை. துணியால் துடை என்றார். மெதுவாக, அழுத்தாமல், ஒரே பக்கமாக. ஒவ்வொன்றையும் நான் செய்து முடிக்கும்வரை காத்திருந்தார். திரும்ப மாட்டினேன். பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினேன்.

கூவியது. நீட்டமாக ஒரு தடவை. நின்று, இன்னொரு தடவை. திரையில் ஒன்றும் இல்லை.

இது நிஜம்.

“போனை அதுங்கிட்ட வை,” என்றார். வைத்தேன். கேட்டார். மறுபடி ரேமை எடுத்து மாட்டச் சொன்னார். பக்கத்துக் குழியில் மாட்டச் சொன்னார். மூன்று தடவை. கூவிக்கொண்டே இருந்தது. நான் சரியாக அழுத்தி மாட்டாததால்கூட இருக்கலாம். அழுதுகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“அழவேண்டாம். மெஷின்தானே,” என்றார் அத்தா. “இது போன்ல ஆகாது. கை வெச்சுப் பாக்கணும்.”

பிறகு, ரேமைக் கழற்று என்று சொன்ன அதே குரலில், “நான் வரட்டா?” என்றார்.

ஆறு மாதமும், அதற்கு மேல் மூன்று வருஷமும் நான் வாயில் வைத்து மென்ற கேள்வி. அவர் அதை ஒரு மூச்சில் கேட்டுவிட்டார்.

“எப்படி அத்தா வருவீங்க?”

“எர்ணாகுளத்துல இருந்து ட்ரெயின் உண்டில்லே. பேனா எடுத்துட்டேன். உன் வீட்டு அட்ரஸ் சொல்லு.”

என் அட்ரஸ் அவரிடம் இல்லை. சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் கேட்டதே இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. நான் கொடுக்கவே இல்லை என்பதுதான் சரி.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு இவ்வளவும் எழுதிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்து நீவுவது கேட்கிறது. முடிவு வேண்டுமென்றால் இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு லைனில் ஆள் இருக்கிறது.